450 பிக்சலுக்குக் கீழே என்ன இருக்கு? கால்குலேட்டர் ஃப்ரேமும் உங்க ஹோம் லோனும்



திருமுல்லைவாயல் பக்கம் ஒரு 2 பி.ஹெச்.கே. ஃப்ளாட் பார்க்கிறீங்கன்னு வச்சுக்குவோம். ஆபீஸ் முடிஞ்சு அம்பத்தூர்ல லோக்கல் ட்ரெயின் ஏறி, கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே மொபைல்ல பில்டரோட வெப்சைட்டைத் திறக்கிறீங்க. ஃப்ளாட் போட்டோ, ஃப்ளோர் பிளான் எல்லாம் தாண்டி வந்தா ஒரு இ.எம்.ஐ. கால்குலேட்டர். லோன் 40 லட்சம், வட்டி 8.5%, 20 வருஷம்னு போடுறீங்க. மாசம் 34,713 ரூபாய்னு வருது. கொஞ்சம் இடிக்குது. சரின்னு வருஷத்தை 30-க்குத் தள்ளுறீங்க. 30,757 ரூபாய். கிட்டத்தட்ட 4,000 ரூபாய் குறைஞ்சிடுச்சு, சம்பளத்துல அடங்குது. கீழே பச்சைக் கலர்ல 'சைட் விசிட் புக் பண்ணுங்க' பட்டன் இருக்கு. அமுக்கிடுறீங்க.

அந்தக் கால்குலேட்டர்ல இன்னும் ஒரு வரி இருந்துச்சு. மொத்த வட்டி எவ்வளவுங்கிற வரி. 20 வருஷத்துக்கு அது சுமார் 43.31 லட்சம். 30 வருஷத்துக்கு சுமார் 70.72 லட்சம். அதாவது மாசம் 4,000 ரூபாய் குறைக்கிறதுக்கு நீங்க கூடுதலா கொடுக்கிற விலை 27 லட்சத்துக்கு மேல. அந்த வரி உங்க மொபைல்ல தெரியல.

யாரோ திட்டம் போட்டு மறைச்சாங்கன்னு நான் சொல்ல வரல. பெரும்பாலும் அப்படி இருக்காது. அந்தக் கால்குலேட்டர் பில்டரோட பக்கமே கிடையாது. அது வேற ஒரு சைட்டோட பக்கம். பில்டரோட பக்கத்துல ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியா அதைக் காட்டுறாங்க. இதுக்குப் பேர் ஐஃப்ரேம். அந்த ஓட்டையோட உயரம் 450 பிக்சல்னு யாரோ ஒரு டெவலப்பர் தன்னோட லேப்டாப்பைப் பார்த்து எழுதியிருப்பார். லேப்டாப்ல எல்லாமே தெரிஞ்சிருக்கும். உங்க மொபைல்ல கடைசி சில வரிகள் வெட்டுப்பட்டுப் போச்சு.

சி.ஏ. எதுக்கு ஐஃப்ரேம் பத்தி எழுதுறார்னு நினைக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட பக்கங்கள்ல எது கடைசி வரியில இருக்கும்னு யோசிங்க. மொத்த வட்டி, ப்ராசஸிங் ஃபீ, ஜி.எஸ்.டி., 'மார்க்கெட் ரிஸ்குக்கு உட்பட்டது'ங்கிற எச்சரிக்கை. மேலே இருக்கிறது ஆசையைக் கிளப்புற நம்பர், கீழே இருக்கிறது செலவு. ஃப்ரேம் வெட்டும்போது எப்பவும் கீழேயிருந்துதான் வெட்டும். அதோட, இந்த பிளாக்கைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் அம்பத்தூர் எஸ்டேட்லயோ பட்டாபிராம் டைடல் பார்க்லயோ ஐ.டி. வேலையில இருக்கீங்க. இந்த 450-ஐ எழுதுற ஆளே நீங்களா இருக்கலாம்.

ஃப்ரேமுக்கு ஏன் உயரம் தெரியாது?

ஐஃப்ரேம் புதுசு இல்ல. 1997 டிசம்பர்ல வந்த ஹெச்.டி.எம்.எல். 4.0-லயே இருந்தது. அதுக்கு நீங்க அகலம், உயரம் எதுவும் சொல்லலைன்னா பிரவுசர் தானா எடுத்துக்கிற அளவு 300-க்கு 150 பிக்சல். ஒரு விசிட்டிங் கார்டு மாதிரி. உள்ளே என்ன இருக்கு, அது எவ்வளவு நீளம்னு பார்த்து ஃப்ரேம் தானா விரியாது. மத்த எல்லாம், அதாவது ஒரு பத்தி, ஒரு படம், ஒரு டேபிள், உள்ளடக்கத்துக்கு ஏத்த மாதிரி நீளும். ஃப்ரேம் மட்டும் நீளாது.

காரணம் ஒரு பாதுகாப்பு விதி. நம்ம ஊர் கணக்குல சொல்றேன். ஒரு வீட்ல ஓனர் தனக்கு ஒரு போர்ஷன் வச்சுக்கிட்டு இன்னொரு போர்ஷனை வாடகைக்கு விடுறார். வாசல், சுவர், அகலம் எல்லாம் ஓனர் முடிவு பண்ணது. ஆனா வாடகைக்கு இருக்கிறவர் உள்ளே எத்தனை பீரோ வச்சிருக்கார்னு ஓனர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்க முடியாது. இடம் பத்தலைன்னா உள்ளே இருக்கிறவர்தான் வெளியே வந்து சொல்லணும்.

பிரவுசரும் இதையேதான் பண்ணுது. வெளிப்பக்கமும் ஃப்ரேமுக்குள்ள இருக்கிற பக்கமும் ஒரே டொமைன்ல இருந்து வந்தா ரெண்டும் ஒரே குடும்பம். வெளிப்பக்கம் உள்ளே அளந்து பார்த்து உயரத்தை மாத்திக்கலாம். வேற வேற டொமைனா இருந்தா நடுவுல சுவர். உள்ளே என்ன எழுதியிருக்கு, யூசர் என்ன டைப் பண்றார், பக்கம் எவ்வளவு நீளம், எதையுமே வெளிப்பக்கம் படிக்க முடியாது. நீளம்ங்கிறது சாதாரண விஷயம்தானே, அதை மட்டும் சொன்னா என்னன்னு தோணும். ஆனா நீளம் கூட ரகசியத்தைச் சொல்லிடும். நீங்க லாகின் பண்ணியிருந்தா பக்கம் நீளமா இருக்கும், இல்லைன்னா சின்னதா இருக்கும். அவ்வளவு போதும், நீங்க எந்த பேங்க் கஸ்டமர்னு வெளியில இருக்கிறவன் கண்டுபிடிக்க.

இதே சுவர்தான் உங்க ஓ.டி.பி.யையும் காப்பாத்துது

ஆன்லைன்ல கார்டு போட்டு எதாவது வாங்கும்போது சில சைட்கள்ல பேங்க் பக்கத்துக்குப் போகாமலே, அதே பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி வந்து ஓ.டி.பி. கேட்கும். ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேணும்னு ரிசர்வ் வங்கி 2009-லயே கட்டாயம் ஆக்கினதால நமக்கு இது பழகிப் போன விஷயம். அந்தப் பெட்டி பெரும்பாலும் ஒரு ஐஃப்ரேம்தான். கடையோட பக்கத்துக்குள்ள பேங்க்கோட பக்கம். நீங்க அதுல டைப் பண்ற ஆறு இலக்கத்தைக் கடைக்காரரோட பக்கத்தால படிக்க முடியாது. நடுவுல அந்தச் சுவர் இருக்கு.

அப்போ உயரப் பிரச்சினை இங்கேயும் வரணுமே? ஓ.டி.பி. பெட்டியில 'சப்மிட்' பட்டன் வெட்டுப்பட்டா பேமென்ட்டே நடக்காதே? இதை அவங்க அளந்து பார்த்துத் தீர்க்கல, முன்கூட்டியே பேசித் தீர்த்துட்டாங்க. கார்டு நிறுவனங்கள் சேர்ந்து வச்சிருக்கிற இ.எம்.வி. த்ரீ டி செக்யூர்ங்கிற தரவிதியில பெட்டிக்கு ஐந்தே அளவுதான்: 250-க்கு 400, 390-க்கு 400, 500-க்கு 600, 600-க்கு 400, இல்லைன்னா முழுத் திரை. கடை எந்த அளவு பெட்டி வச்சிருக்குன்னு 01-ல இருந்து 05 வரைக்கும் ஒரு கோட் நம்பரா பேங்க்குக்கு முதல்லயே சொல்லிடும். பேங்க் அந்த அளவுக்குள்ள அடங்குற மாதிரி தன் பக்கத்தை அமைச்சு அனுப்பணும். ரேஷன் கடையில பை அளவு சொல்லிட்டு அரிசி வாங்குற மாதிரி. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது. பணம் நகர்ற இடத்துல யாரும் 'எப்படியோ பொருந்திடும்'னு விட்டு வைக்கல.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஃப்ரேமுக்குள்ள பேங்க் பக்கம் வந்தாலும் மேலே அட்ரஸ் பார்ல தெரியறது கடையோட முகவரி மட்டும்தான். அதனால பெட்டி நிஜமாவே பேங்க்கோடதா, யாராவது அதே மாதிரி வரைஞ்சு வச்சதான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள்ள 'டாட் பேங்க் டாட் இன்'ங்கிற டொமைனுக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது நல்ல ஏற்பாடு, ஆனா அது முழுப் பக்கமா பேங்க் சைட்டுக்குப் போகும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். சின்னப் பெட்டியில வந்தா, எஸ்.எம்.எஸ்.ல வர்ற தொகையையும் கடைப் பேரையும் படிச்சுட்டு அப்புறம் ஓ.டி.பி. போடுங்க. பெட்டி நெட் பேங்கிங் பாஸ்வேர்டு கேட்டா உடனே மூடிடுங்க.

மொபைல்ல ஏன் வெட்டுது, அதுவும் தமிழ்ல ஏன் அதிகமா வெட்டுது?

இப்போ அந்த 450-க்கு வருவோம். லேப்டாப்ல ஃப்ரேமோட அகலம் 700 பிக்சல் இருக்கும். இடது பக்கம் மூணு ஸ்லைடர், வலது பக்கம் ரிசல்ட். உயரம் 450 போதும். மொபைல்ல அகலம் 360 தான். பக்கத்துல பக்கத்துல இருந்ததெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிக்கும். ஸ்லைடர் மூணு, அதுக்குக் கீழ இ.எம்.ஐ., அதுக்கும் கீழ மொத்த வட்டி, அதுக்குக் கீழ குறிப்பு. அகலம் பாதியானா உயரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஃப்ரேம் மட்டும் 450-லயே நிக்கும்.

தமிழ் வந்தா இன்னும் ஒரு சுற்று. இங்கிலீஷ்ல 'டோட்டல் இன்ட்ரஸ்ட்'னு ரெண்டு சின்னச் சொல்லா ஒரே வரியில அடங்குறது, தமிழ்ல 'மொத்தமா கட்ட வேண்டிய வட்டி'ன்னு ரெண்டு வரியா உடையும். நம்ம எழுத்துக்கு அகலமும் அதிகம், வரிக்கும் வரிக்கும் நடுவுல இடமும் அதிகம் வேணும். பத்து லேபிள் இருந்தா பத்து வரி கூடுது. இங்கிலீஷ் பதிப்புக்கு அளந்த உயரத்தை அப்படியே தமிழ்ப் பதிப்புக்கும் போட்டா கடைசி வரி கண்டிப்பா அடிவாங்கும். அப்பா, அம்மா போன்ல எழுத்து சைஸைப் பெருசாக்கி வச்சிருப்பாங்க இல்லையா, அங்கே இன்னும் மோசம்.

சரி, வெட்டுப்பட்டா ஸ்க்ரோல் பார் தெரியுமேன்னு கேட்கலாம். ஐபோன்லயும் பல ஆண்ட்ராய்டு போன்லயும் நீங்க விரலை வச்சு நகர்த்துற வரைக்கும் ஸ்க்ரோல் பார் கண்ணுக்கே தெரியாது. இதுல இன்னொரு கூத்து. ஃப்ரேமுக்குள்ள விரல் பட்டா வெளிப்பக்கம் நகராம உள்பக்கம் நகரும். அது யூசருக்கு எரிச்சல்னு பல டெவலப்பர்கள் ஃப்ரேமுக்குள்ள ஸ்க்ரோலே வேண்டாம்னு நிறுத்திடுறாங்க. அப்போ வெட்டுப்பட்ட பகுதிக்குப் போக வழியே இல்ல. பார்க்கிறதுக்குப் பக்கம் சுத்தமா, அழகா முடிஞ்ச மாதிரி இருக்கும். என் கருத்துல ஸ்க்ரோலை நிறுத்துறதா இருந்தா உயரத்தைச் சரியா கணக்குப் பண்ற வேலையை முடிச்சிட்டுத்தான் நிறுத்தணும். பணம் சம்பந்தப்பட்ட பக்கத்துல இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமா பார்க்கக் கூடாது.

பார்க்கிறவங்க என்ன செய்யலாம்?

ரொம்பச் சுலபமான வழி, மொபைலைப் படுக்க வச்சுப் பிடிங்க. அகலம் கூடும், உள்ளே இருக்கிறது மறுபடி பக்கவாட்டுல பரவும், உயரம் குறையும். மறைஞ்சிருந்த வரி எட்டிப் பார்க்க வாய்ப்பு இருக்கு. லேப்டாப்ல ஃபயர்ஃபாக்ஸ் வச்சிருந்தா ஃப்ரேமுக்குள்ள ரைட் கிளிக் பண்ணுங்க, 'திஸ் ஃப்ரேம்'னு ஒரு மெனு வரும், அதுல அந்த ஃப்ரேமை மட்டும் தனி டேப்ல திறக்கலாம். சுவர் இல்லாத முழுப் பக்கம் கிடைக்கும்.

ஆனா ஹோம் லோன் விஷயத்துல இதெல்லாம் கூடத் தேவையில்ல. இ.எம்.ஐ.யை மாசங்களால பெருக்கி, அதுல லோன் தொகையைக் கழிங்க. 30,757 பெருக்கல் 360, அதுல 40 லட்சம் போனா 70.72 லட்சம். மொபைல்ல இருக்கிற சாதா கால்குலேட்டர் போதும், அதை யாராலயும் வெட்ட முடியாது.

அப்புறம் கே.எஃப்.எஸ். கேட்டு வாங்குங்க. கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட். ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15-ல போட்ட சுற்றறிக்கைப்படி, 2024 அக்டோபர் 1-க்கு அப்புறம் கொடுக்கப்படுற சில்லறைக் கடன்களுக்கு இதைக் கொடுத்தே ஆகணும். வட்டி, ப்ராசஸிங் ஃபீ, இன்ஷூரன்ஸ், லீகல் சார்ஜ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில எத்தனை சதவீதம் ஆகுதுங்கிற ஏ.பி.ஆர். அதுல இருக்கும். எந்தெந்த மாசம் எவ்வளவு கட்டணும்ங்கிற அட்டவணையும் இருக்கும். கே.எஃப்.எஸ்.ல குறிப்பிடாத கட்டணத்தை உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம பின்னாடி வசூலிக்க முடியாது. கால்குலேட்டர் காட்டின நம்பரை நம்பி பில்டர் ஆபீஸ்ல அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த ஒரு பேப்பர் கையில இருக்கட்டும்.

ஆபீஸ் ஹெச்.ஆர். போர்ட்டல் யூஸ் பண்றவங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பல போர்ட்டல்கள்ல பே ஸ்லிப், டாக்ஸ் கணக்கீடு எல்லாம் ஒரு ஃப்ரேமுக்குள்ள வரும். அந்தப் பக்கத்துல அப்படியே பிரிண்ட் கொடுத்தா ஃப்ரேம்ல கண்ணுக்குத் தெரியுற பகுதி மட்டும்தான் பேப்பர்ல வரும். ஸ்க்ரோல் பண்ணாத மீதி வராது. லோன் எடுக்க பேங்க்குக்குக் கொடுக்கிற பே ஸ்லிப்ல நெட் பே வரி இல்லாம போனா அவங்க திருப்பி அனுப்புவாங்க, ஒரு வாரம் இழுக்கும். டவுன்லோட் பட்டன் இருந்தா அதையே யூஸ் பண்ணுங்க.

நீங்களே எம்பெட் பண்றவங்களா?

சைடுல பிளாக், சேனல் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பகுதி. எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. உள்ளே இருக்கிற பொருள் அகலம் மாறும்போது எப்படி நடந்துக்குதுன்னு பார்க்கணும்.

வீடியோ சுலபம். யூடியூப் கொடுக்கிற எம்பெட் கோட்ல 560-க்கு 315-னு இருக்கும். 315-ஐ 560-ஆல வகுத்தா 0.5625. அதாவது 16-க்கு 9. அகலம் எவ்வளவா இருந்தாலும் உயரம் அதுல 56.25%. 328 பிக்சல் அகலம் கிடைச்சா உயரம் 184.5. கோடை அப்படியே விட்டு அகலத்தை மட்டும் 100% ஆக்கினா உயரம் 315-லயே நின்னு மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வரும். முன்னெல்லாம் இதுக்கு ஒரு வெளிப்பெட்டி போட்டு அதுக்கு அடியில 56.25% பேடிங் கொடுத்து ஒப்பேத்துவாங்க. இப்போ சி.எஸ்.எஸ்.ல ஆஸ்பெக்ட் ரேஷியோன்னு ஒரு ப்ராப்பர்ட்டியே இருக்கு. அகலம் 100%, ரேஷியோ 16 / 9 கொடுத்து, உயரத்தை ஆட்டோன்னு விட்டா முடிஞ்சுது. ஷார்ட்ஸா இருந்தா 9 / 16. பிளேயர் 200-க்கு 200 பிக்சலுக்குக் குறையக் கூடாதுன்னு யூடியூபோட விதி இருக்கு, அதையும் மனசுல வச்சுக்குங்க.

கூகுள் ஷீட் வேற ரகம். ஃபைல் மெனுவுல 'பப்ளிஷ் டு வெப்' கொடுத்து எம்பெட் கோட் எடுத்தா அதுல அகலமும் இருக்காது, உயரமும் இருக்காது. அதனால பிரவுசர் அந்த 300-க்கு 150-ஐ எடுத்துக்கும். ஷீட்ல ஒரு வரி வழக்கமா 21 பிக்சல். 150-ல ஏழு வரிதான் நிக்கும். நீங்க பாடுபட்டுப் போட்ட எஸ்.ஐ.பி. டேபிள் ஒரு பொந்து வழியா தெரியும். இங்கே நல்ல விஷயம், அகலம் குறைஞ்சாலும் ஷீட்ல வரி உடைஞ்சு கீழே வராது, பக்கவாட்டுல ஸ்க்ரோல் ஆகும். அதனால உயரம் நிலையானது. 30 வரின்னா 630, தலைப்புக்கும் கீழே டேபுக்கும் கொஞ்சம் சேர்த்து 720-னு போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஆனா ஒண்ணு, பப்ளிஷ் பண்ணும்போது எந்த ஷீட்னு தேர்ந்தெடுக்கலைன்னா முழு ஃபைலும் வெளியே போயிடும். அடுத்த டேப்ல உங்க பான் நம்பரும் சம்பளமும் இருந்தா ஃப்ரேம் சின்னதா இருக்கிறதால மறையாது. லிங்க் வச்சிருக்கிற எவரும் பார்க்கலாம்.

கால்குலேட்டர்தான் நிஜமான தலைவலி. அகலம் மாறினா உயரம் மாறும், யூசர் ஒரு ஆப்ஷனைத் திறந்தாலும் மாறும். இங்கே அந்த வாடகை போர்ஷன் வழிதான்: உள்ளே இருக்கிறது வெளியே சொல்லணும். அதுக்கு போஸ்ட் மெசேஜ்னு ஒரு வசதி எல்லா பிரவுசர்லயும் இருக்கு. உள்பக்கம் தன் உயரத்தை அளந்து ஒரு நம்பரா வெளியே அனுப்பும், வெளிப்பக்கம் வாங்கி ஃப்ரேம் உயரத்தை மாத்தும். அமெரிக்காவுல என்.பி.ஆர். வானொலியோட நியூஸ் டீம் தங்களோட சார்ட்டுகளுக்காக பிம்னு ஒரு லைப்ரரியே எழுதினாங்க. ஐஃப்ரேம் ரீசைசர்ங்கிறது இன்னொண்ணு. கையால எழுதினாலும் இருபது வரிக்கு மேல போகாது, ஆனா ரெண்டு பக்கமும் கோட் போடணும். அடுத்தவங்க கால்குலேட்டரை எம்பெட் பண்றீங்க, அவங்க உயரத்தை அனுப்பலைன்னா, வெளியே நின்னு நீங்க எவ்வளவு முட்டினாலும் அளக்க முடியாது.

கையால எழுதுறவங்க பொதுவா மாட்டிக்கிற இடங்கள் சிலது இருக்கு. முதல்ல, வர்ற மெசேஜ் யார்கிட்ட இருந்து வருதுன்னு டொமைனைச் சரிபார்க்காம வாங்கக் கூடாது. பக்கத்துல இருக்கிற விளம்பர ஃப்ரேமும் மெசேஜ் அனுப்பலாம். அப்புறம், முழு டாக்குமென்ட்டோட ஸ்க்ரோல் உயரத்தை அளந்தா ஃப்ரேம் பெருசாகும், ஆனா திரும்பச் சின்னதாகாது. ஏன்னா அந்த அளவு ஃப்ரேமோட இப்போதைய உயரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. உள்ளே எல்லாத்தையும் சுத்தி ஒரு பெட்டி போட்டு அதை மட்டும் அளங்க. உள்பக்கத்துல 'திரை உயரத்துல 100%'னு எதாவது இருந்தா இன்னும் வேடிக்கை: ஃப்ரேம் வளர அதுவும் வளரும், அது வளர ஃப்ரேம் வளரும், பக்கம் ஆவடியில ஆரம்பிச்சு அரக்கோணம் வரைக்கும் போகும்.

தமிழ்ப் பக்கங்களுக்குன்னே ஒரு சிக்கல் உண்டு. பக்கம் லோட் ஆனதும் ஒரே ஒரு தடவை அளந்தா, அந்த நேரத்துல தமிழ் ஃபான்ட் இன்னும் இறங்கியிருக்காது. போன்ல இருக்கிற ஏதோ ஒரு ஃபான்ட்ல அளவு எடுத்திருப்பீங்க. ஒரு செகண்ட் கழிச்சு நோட்டோ சான்ஸ் தமிழ் வந்ததும் வரிகள் உடைஞ்சு 40 பிக்சல் கூடும், கடைசி வரி காலி. அதனால ரீசைஸ் அப்சர்வர் வச்சு, அளவு மாறும்போதெல்லாம் மறுபடி அனுப்பச் சொல்லணும்.

உயரம் பின்னால மாறும்போது அதுக்குக் கீழே இருக்கிறதெல்லாம் குதிக்கும். படிச்சுக்கிட்டு இருக்கிறவர் ஒரு லிங்க்கைத் தொடப் போறார், அதுக்குள்ள அது கீழே போய் அந்த இடத்துல வேற எதாவது பட்டன் வந்து நிக்குது. கூகுள் இந்தக் குதியை அளந்து மார்க் போடுது, 0.1-க்குள்ள இருந்தாத்தான் நல்லதுன்னு கணக்கு. அதனால ஆரம்பத்துலயே மொபைலுக்கு ஒரு குறைந்தபட்ச உயரம் ஒதுக்கி வச்சிடுங்க. தேவைக்கு மேல 60 பிக்சல் வெற்றிடம் இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல. 60 பிக்சல் குறைஞ்சா ஒரு வரி போகும், அது எந்த வரின்னு முதல்லயே பார்த்தோம்.

பேங்க் சைட்டையே எம்பெட் பண்ணலாமான்னு நினைக்கிறவங்களுக்கு: லாகின் இருக்கிற பக்கங்கள் பொதுவா ஃப்ரேமுக்குள்ள வர மறுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஃப்ரேமை ஒரு பட்டன் மேல வச்சு ஏமாத்துற கிளிக்ஜாக்கிங் 2008-ல பெரிய பேச்சானதுக்கு அப்புறம், 'என்னை யாரும் ஃப்ரேம்ல போடாதீங்க'ன்னு சைட்டுகள் பிரவுசருக்குச் சொல்ற வசதி வந்துச்சு. அந்த மறுப்பு உங்க கோட்ல இருக்கிற தப்பு இல்ல, அதைச் சுத்தி வழி தேடாதீங்க. ஒரு லிங்க் கொடுத்தா போதும்.

இந்த பிளாக்ல நாங்க வச்சிருக்கிற ஹோம் லோன் கால்குலேட்டர்ல மொத்த வட்டியை இ.எம்.ஐ.க்கு மேலயே போட்டிருக்கோம், ஃப்ரேமுக்குக் கீழ முழுப் பக்கமா திறக்க ஒரு லிங்க்கும் இருக்கு. 20 வருஷம், 30 வருஷம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிற ஷீட்டோட லிங்க் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. 'மேக் எ காப்பி' கொடுத்து உங்க லோன் தொகையைப் போட்டுப் பாருங்க.